பூமிக்கு எத்தனை திங்கள்?

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த ஆண்டின் நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இடம், மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வாசகசாலையின் கூடம். அன்று நடந்தது, இருவர் இருவராக ஜோடி சேர்ந்து விடை சொல்லும் பொது அறிவுப் போட்டி. நானும் அதில் போட்டியாளன். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் நான். அன்றைய நாட்குறிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

முதலில் என் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் அடுத்த வீட்டுக்காரர், மலாக்காச் செட்டி வம்சம். பெயரின் முடிவில் பிள்ளை இருக்கும், நெற்றியில் விபூதி இருக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் நிற்பார். வாயைத் திறந்தால் மலாய்தான். அவர்கள் வீட்டிலிருந்து தமிழ் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. என்னை அண்ணே என்று கூப்பிடுவார். மிஞ்சிய சில சொற்களில் அது ஒன்று.

எங்களைச் சேர்த்து வைத்தது கேள்வி பதில். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நின்றுகொண்டே தூங்கும் மிருகம் எது? கரையே இல்லாத கடல் எது? இதெல்லாம் எதற்கு உதவும் என்று என் மனைவி கேட்பாள். எதற்கும் உதவாது. ஆனால் கரையே இல்லாமல் ஒரு கடல் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட அன்று சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

அந்த ஆண்டு எங்கள் விளையாட்டும் குழம்பிப் போயிருந்தது. கோல்ட் கோஸ்டின் தலைநகர் எது என்று கேட்டால், அப்படி ஒரு நாடே இப்போது இல்லை, கானா என்று கேளுங்கள் என்பார். நம் நாட்டின் தலைவர் யார் என்பதற்கு ஆகஸ்டில் ஒரு விடை, செப்டம்பரில் வேறு விடை. வானத்தைக்கூடப் புத்தகத்தை நம்பிச் சொல்ல முடியவில்லை. ரஷ்யர்கள் அடுத்தடுத்து இரண்டு செயற்கைச் சந்திரன்களை மேலே அனுப்பியிருந்தார்கள். இரண்டாவதில் ஒரு நாய் வேறு.

தமிழில் நடக்கும் இந்தப் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்ததற்கு உண்மைக் காரணம் அவருடைய மகள். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழரின் மகனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அப்பாவான அந்தக் கடை முதலாளிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்வீட்டின் பேச்சுதான் தடை. "கடையில நாளு பூரா மலாய் பேசறேன், அது யாவாரம். சம்பந்தி வூட்டுல போய் உக்காந்து என்னாத்தப் பேசறது?" என்று என்னிடமே கேட்டார். போட்டி நடக்கிற வாரமே கிளேபாங் பக்கம் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகவும் காதில் விழுந்தது.

அந்த முதலாளிக்கும் கேள்வி பதிலில் பைத்தியம். தம் கடைக் கணக்கரை ஜோடி சேர்த்துக்கொண்டு தவறாமல் போட்டிக்கு வருவார். அவர் உட்காரும் மேசையிலேயே நானும் உட்கார்கிறேன், என்னை ஒரு தடவை பார்க்கட்டும் என்றார் என் அண்டை வீட்டுக்காரர். சரி என்றேன். அது நல்ல யோசனையா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர் ஒரு தமிழ் வாத்தியார். சைக்கிளை மிதிவண்டி என்றுதான் சொல்வார். வடமொழி கலந்தால் முகம் சுளிப்பார். இருந்தாலும் நல்ல மனிதர். என் ஜோடிக்கு நான் மலாயில் மாற்றிச் சொல்லலாம் என்று அனுமதித்தார். ஒரு நிபந்தனை: சொல்லுக்குச் சொல். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

போட்டி தொடங்கியது. பெரு நாட்டின் தலைநகர் எது என்று கேட்டதும் அவர் மணியைத் தட்டி "லீமா" என்றார். மலாயில் லீமா என்றால் ஐந்து. "தலைநகரக் கேட்டா அஞ்சுங்கிறாரே" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுக்க, கூடம் சிரித்தது. விடை சரி என்று வாத்தியார் அறிவித்த பிறகுதான் அடங்கியது. முதலாளி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு லேசானது.

கடைசியில் இரண்டு ஜோடிகளும் சமமாக நின்றோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. என் மொழிபெயர்ப்பு முடிந்ததும் மணியை முதலில் தட்டுகிறவர் சொல்லலாம். வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பூமிக்கு எத்தனை திங்கள்?

பூமி மலாயிலும் பூமிதான். எத்தனை என்பது பெராப்பா, உண்டு என்பது அடா. திங்களில் வந்து என் நாக்கு நின்றது. நிலாவா, மாதமா, கிழமையா? எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கூட்டியோ குறைத்தோ சொன்னதாகிவிடும். மலாயில் பூலான் என்று ஒரு சொல் உண்டு. நிலாவும் அதுவே, மாதமும் அதுவே. "பூமி அடா பெராப்பா பூலான்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

நான் முடித்த நொடியே மணி ஒலித்தது. "டுவா பெலாஸ்" என்றார் என் ஜோடி. பன்னிரண்டு.

கூடம் அதிர்ந்தது. "பன்னண்டு நிலாவா? அப்ப ராத்திரிக்கு வெளக்கே வேணாம்லா" என்றது ஒரு குரல். முதலாளி துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். என் ஜோடிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. மணியிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, எல்லாரும் சிரிக்கும்போது தாம் மட்டும் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சிரித்தார். பின்வரிசையில் என் மனைவி பக்கத்தில் இருந்த அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாத்தியார் எதிர்ப்பக்கம் திரும்பினார். முதலாளி நிதானமாக, "ஒண்ணு" என்றார்.

சரி என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "ரஷ்யாக்காரன் விட்ட ரெண்டு எங்க போச்சு? மொத்தம் மூணு." அது நிலா இல்லை, இயந்திரம் என்றார் இன்னொருவர். பேப்பரில் சந்திரன் என்றுதானே போடுகிறான் என்று பதில் வந்தது. நாய் இருக்கிறதை எப்படி நிலாவில் சேர்ப்பது என்று மூன்றாமவர் கேட்டார். இதற்கு நடுவில் ஒரு அம்மாள், தான் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்ததாகவும், மாதத்துக்கு நாலு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகவும் சொன்னார்.

முதலாளிக்குப் பொறுமை போயிற்று. "நான் சொன்னது சரியா தப்பா? மொதல்ல அதச் சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து வந்தார். விரலை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். திங்கள்: சந்திரன், மாதம், சோமவாரம். 

"அப்ப இவரு சொன்னதும் சரியா?" என்றார் முதலாளி, என் ஜோடியைக் காட்டி.

"சரின்னும் சொல்ல முடியல. தப்புன்னும் சொல்ல முடியல," என்றார் வாத்தியார். நிலா என்று எழுதியிருக்கலாம், திங்கள் அழகாக இருந்தது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். முடிவு பிறகு அறிவிக்கப்படும் என்று கூட்டத்தைக் கலைத்தார். அந்த அறிவிப்பு வரவேயில்லை. பரிசாக வைத்திருந்த உலக வரைபடப் புத்தகம் வாசகசாலை அலமாரிக்கே திரும்பிப் போனது.

முதலாளி எங்களை நோக்கி வந்தார். நான் மொழிபெயர்க்கத் தயாராக எழுந்தேன். அவர் என்னைக் கடந்து போய் என் ஜோடியிடம் நேராக மலாயில், ஏன் பன்னிரண்டு என்றீர்கள் என்று கேட்டார். பூமி சூரியனை ஒரு தடவை சுற்றி வர எத்தனை பூலான், பன்னிரண்டுதானே, வேறு என்ன கேட்டிருக்க முடியும் என்றார் இவர். அப்படியென்றால் கேள்வியில் ஆண்டு என்று இருக்க வேண்டும் என்றார் அவர். ஆண்டு இல்லாத பூமி எங்கே இருக்கிறது என்றார் இவர்.

வாதம் கூடத்தில் முடியவில்லை. எதிரே இருந்த காப்பிக்கடைக்குப் போயிற்று. நானும் கூடப் போனேன். நிலாவிலிருந்து நாய்க்குப் போனார்கள்; அது என்ன தின்னும், உயிரோடு இருக்குமா? நாயிலிருந்து கிரகணம், கிரகணத்திலிருந்து கடல்கள். கரையே இல்லாத கடல் எது என்று முதலாளி மடக்கினார். என் அண்டை வீட்டுக்காரர் மேசையைத் தட்டி விடை சொன்னார். முதலாளி முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அது தாம் ஜெயித்தால் வருகிற சந்தோஷம் இல்லை. பேச்சு எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது காப்பியும் ஆறிய பிறகு, நேரமாகிறது, கிளம்பலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "செக்கஜாப்" என்றார். கொஞ்சம் இருங்கள் என்று, தமிழனான என்னிடம், மலாயில்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பேச்சை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எதிரே இருந்தவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில், "இந்த வாரம் கிளேபாங் போறதா இருந்துச்சு. இனி போறதில்ல. இவரு வூட்டுக்கு வர்றோம்னு சொல்லுங்க" என்றார்.

"நீங்களே சொல்லுங்களேன்" என்றேன்.

அவரே சொன்னார். என் ஜோடி காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மறு ஆண்டு கல்யாணம் நடந்தது. பூமிக்கு எத்தனை திங்கள் என்பதில் சம்பந்திகள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. என்னை நடுவராகக் கூப்பிட்டால் நானும் விழிக்கிறேன். எத்தனையோ மாலைகளில் நான் சரியான விடைகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், அவை நினைவிலிருந்து கலைந்துவிட்டன. யாருக்கும் விடை தெரியாமல் எல்லாரும் விழித்து நின்ற அந்த மாலைதான், எதற்கென்று சொல்லத் தெரியாத ஒரு நிம்மதியாக என்னோடு இருக்கிறது.