முதல் ஷிப்டுக்கு ஒரு பஸ் கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஆக்லாந்தின் மேற்குப் புறநகரான மாசியிலிருந்து நகரத்துக்குள் வரும் மோட்டார்வேயில் நின்றுகொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பொய். முன்னால் ஒரு கார், அதில் ஒருவர். பக்கத்தில் ஒரு கார், அதிலும் ஒருவர். நடுவில் நானும் தனியாக. குணரத்தினம் அண்ணாவின் மனைவி யோகா அக்காதான் அழைத்தார். "இவர் போயிட்டார், தங்கச்சி. விடியத்தான்" என்றார். அவர் அழவில்லை, நானும் அழவில்லை. முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு இடம் விழுந்ததும் பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இறங்கிப்போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரை நகர்த்தினேன்.

குணரத்தினம் அண்ணாவை உங்களில் பலர் கோயிலில் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பூசை முடிந்ததும் பாத்திரம் கழுவப் போய்விடுவார். என்ன வேலை என்று கேட்டால் "ரோட்டு வேலை" என்பார். அது ரோட்டு வேலை இல்லை. இந்த நாடு எண்ணெயை நம்பிக் கிடப்பதை எப்படி முடிவுக்குக் கொண்டுவருவது என்று ஒரு திட்டம் எழுத அரசாங்கம் ஒரு குழு அமைத்திருந்தது. அதன் ஆக்லாந்து அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கார், லாரி, பண்ணை டிராக்டர், மீன்பிடிப் படகு, இவற்றில் எது முதலில் பெட்ரோலையும் டீசலையும் விடுவது, எது கடைசியில் விடுவது என்று வகுப்பதுதான் வேலை. அவர் யாழ்ப்பாணத்து இன்ஜினியர். நான் மதுரையிலிருந்து வந்து கம்ப்யூட்டரில் போக்குவரத்துக் கணக்குப் போடுகிறவள். நான் பெட்ரோல் பங்க் என்றால் அவர் பெற்றோல் செட் என்று திருத்துவார். வாரத்தில் பாதி நாள் இப்படியே போகும்.

திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. தமிழர்களுக்கான கூட்டத்தைத் தெற்கு ஆக்லாந்தில் உள்ள பாபடோயிட்டோயில் வைத்தோம். "எண்ணெய் இல்லாத வாழ்வு: வாருங்கள், பேசுவோம்" என்று அழைப்புக்குத் தலைப்புப் போட்டார் அண்ணா. நான் அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன்.

"அண்ணா, இதைப் படிச்சா எல்லாரும் சமையல் எண்ணெய்னுதான் நினைப்பாங்க. எரிபொருள்னு போடுங்க."

"உங்கட ஊரில அப்பிடி இருக்கலாம். எங்கட சனத்துக்கு எண்ணெய் எண்டால் என்னெண்டு தெரியும்" என்றார். உடும்புப் பிடி.

மண்டபம் நிறைந்துவிட்டது. அண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் கேள்வி கேட்க எழுந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். "தம்பி, நல்லெண்ணெயும் கூடாதோ? எனக்குக் கொலஸ்ட்ரோல் கூட எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். இன்னொருவர் தேங்காயெண்ணெயைப் பற்றிக் கேட்டார். மேடையில் அண்ணாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சொன்னேனா இல்லையா என்று ஜாடை காட்டினேன். என் பக்கம் திரும்பவே இல்லை மனுஷன்.

விளக்கிச் சொன்னபிறகு பாதிக் கூட்டம் கலைந்தது. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை பார்ப்பவர், எழுந்து நின்று கேட்டார். "காரை விடுங்கன்னு சொல்றீங்க, சரி. முதல் ஷிப்டுக்கு நான் எதுல போறது சார்? அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. வேலை போச்சுன்னா விசாவும் போச்சு." அண்ணா, "ஒண்டுமே இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்று அவரும் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில், கார் இல்லாத நகரம் எவ்வளவு அழகாக இருக்கும், எல்லோரும் சைக்கிளில் போகலாம் என்று ஒரு பெண் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். படிக்கட்டில் நின்றுதான் எனக்குச் சொன்னார்.

"நாங்கள் எண்ணெய் இல்லாமல் இருந்து பாத்தனாங்கள், தங்கச்சி."

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் வரத் தடை இருந்த காலம். சில சொட்டுப் பெட்ரோலைக் காட்டி காரை ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். பிறகு மண்ணெண்ணெயும் தொட முடியாத விலைக்குப் போயிற்று. அண்ணாவின் அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது பக்கத்து வீட்டில் கார் இருந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி இவர்தான் மிதித்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தம். பிந்திப் போய்ச் சேர்ந்தம்" என்றார். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"அண்டைக்கும் பெரியாக்களின்ர வாகனம் ஓடினது. திட்டம் போட்டு எண்ணெயை விட்டால் எல்லாருக்கும் ஒரு வழி வைக்கலாம். திட்டம் இல்லாமல் ஒருநாள் நிண்டால் அதுக்குப் பேர் தடை. தடை வந்தால் இல்லாதவன்தான் முதல்ல சாவான்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். காரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பாபடோயிட்டோயிலிருந்து விமான நிலையத்துக்கு முதல் ஷிப்டுக்கு ஒரு பஸ் விட வேண்டும். நாடு முழுவதற்கும் திட்டம் எழுதும்போது இது ஒரு பெரிய விஷயமா என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். "இந்த ஒரு பஸ்ஸை விட ஏலாத நாடு எண்ணெயை எப்பிடி விடும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பல கூட்டங்களில் மூக்கறுபட்ட பிறகு சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. முதல் நாள் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்க்க, த்ரீ கிங்ஸில் இருந்த தம் வீட்டிலிருந்து அவர் தம் பழைய பெட்ரோல் காரில்தான் போக வேண்டியிருந்தது. அதைச் சொல்லி அவரே சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு மேலே ஆட்கள் மாறினார்கள். திட்டம் மறுபரிசீலனைக்குப் போயிற்று. நம் ஊரில் கிணற்றில் போட்ட கல் என்போமே, அதற்கு இந்த ஊர்ப் பெயர் அது. ஆள் ஏறவில்லை என்று பஸ்ஸையும் நிறுத்தினார்கள். "சனம் நம்பிறதுக்கு முதலே நிப்பாட்டினால் ஆர் ஏறுவினம்?" என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள். குழுவைக் கலைத்து அவரைக் கார் நிறுத்துமிடங்களை விரிவாக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள், என்னை மோட்டார்வே பிரிவுக்கு. கடைசியில் அது ரோட்டு வேலையாகவே ஆகிவிட்டது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

புற்றுநோய் வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கோ நடக்கும் சண்டையால் கப்பல்கள் தாமதமாகி இங்கே பெட்ரோல் விலை ஏறியது. நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

"இப்போ எல்லாருக்கும் உறைச்சிருக்கும்ணா. நம்ம திட்டம் திரும்ப வரும், பாருங்க."

"வராது. விலை இறங்கினதும் மறந்திடுவினம்."

"அப்போ நாம பண்ணினதெல்லாம்?"

"அண்டைக்குச் சைக்கிளில அக்கா கேட்டுக்கொண்டே வந்தவ, எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம் எண்டு. நான் கிட்ட வந்திட்டம், கிட்ட வந்திட்டம் எண்டு சொல்லிக்கொண்டே மிதிச்சன். கிட்ட வரேல்லை. அவ அதை நம்பிக்கொண்டு செத்தவ. எனக்கு அந்தக் கதையைச் சொல்லாதேங்கோ, தங்கச்சி."

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. யோகா அக்கா கொண்டுவந்த கஞ்சியை ஊட்டிவிட்டு வந்தேன்.

தகனத்தன்று அவர் மகன் கவின்தான் பொத்தானை அழுத்த வேண்டும். இங்கே பிறந்த பையன், தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். உள்ளே போகும் முன் நின்று, உலை கரண்டில் ஓடுகிறதா, காஸில் ஓடுகிறதா என்று கேட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "கரண்டுதான் தம்பி, கரண்டுதான்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். கவின் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இல்லப்பா. காஸ்" என்றேன்.

தலையை ஆட்டினான். உள்ளே போய் அழுத்தினான்.

காஸ் என்று சொன்னேனே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பழக்கம்தான். நம்பிக்கை எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், கடைசியில் அது அவரிடமே இல்லை. தூரமாக இருப்பதைக் கிட்ட வந்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. திங்கட்கிழமை, மோட்டார்வேயில் இன்னொரு லேன் சேர்க்கும் வேலைக்குத்தான் திரும்பிப் போனேன்.