வெயிலில் கூவிய வெள்ள மணி

நகர நடுவில் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த லோகேஸ்வரி டீச்சருக்குக் கடல் என்றால் லீவுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வரும் இடம். எட்டு வருடமாகக் கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தும் அந்த எண்ணம் மாறவில்லை.

இந்த வருடம் அவளுடைய ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு வெள்ள மணி செய்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கடல் பக்கம் ஓடும் வடிகாலான லோங்காங்கில் ஒரு காலி பாட்டில் மிதக்கும். மழைத் தண்ணீர் ஏறினால் பாட்டிலும் ஏறி இரண்டு ஒயர்களைச் சேர்க்கும். வகுப்பில் மணி கூவும். ஒயர் வேலை முழுக்க மாதவி என்ற பெண்ணுடையது.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மணி கூவியது. வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. செவ்வாய் எட்டரைக்கு மறுபடியும். தலைமையாசிரியர் வேலாயுதம் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், மழையே இல்ல, சும்மா சும்மா கத்துது. நாளைக்கும் கத்துனா கழட்டிருங்கலா. வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் இதப் பாக்க வர்றாங்க, அவங்க முன்னாடி மானம் போயிரும்."

"டீச்சர், லோங்காங்ல..." என்று மாதவி ஆரம்பித்தாள்.

"அப்புறம் சொல்லும்மா." டீச்சர் அவள் போட்ட இணைப்புகளை வெட்டி எறிந்துவிட்டுத் தானே புதிதாகப் போட்டாள். மாதவி தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

புதன் ஒன்பதேகாலுக்கு மணி கூவியது. டீச்சர் மணியைக் கழற்ற எழுந்தாள். கழற்றப் போன கை பாதியில் நின்றது. ஏழே முக்கால், எட்டரை, ஒன்பதேகால்; தினமும் சரியாக முக்கால் மணி நேரம் தள்ளி. கெட்டுப்போன ஒயர் எங்காவது கடிகாரம் பார்த்துக் கத்துமா?

அந்த வாரத்தில் முதல் முறையாக அவள் பின்பக்கம் போனாள். லோங்காங் தளும்பி நின்றது. பாட்டில் மேல் ஒரு குட்டி நண்டு. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு! பௌர்ணமி கழிந்து இரண்டே நாள். லோங்காங் கடலில் சேரும் இடத்தில் ஏற்றத்தைத் தடுக்க வேண்டிய மதகு சரியாக மூடவில்லை போலும். நிலா கடல்நீரை இழுக்கும் படத்தை வருடா வருடம் போர்டில் வரைந்தவள் அவள்தான். வெட்கமாக இருந்தது.

விஷயத்தைக் கேட்ட வேலாயுதம் தோட்ட ஆபீசுக்குப் போன் போட ஓடினார். மணியைக் கழற்றும் பேச்சே அதன்பிறகு எழவில்லை. டீச்சர் வெட்டிய ஒயர்களைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி மாதவியிடம் நீட்டினாள்.

"ஒம் மேல தப்பே இல்லம்மா. நான்தான் தண்ணியப் போய்ப் பாக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே மறுபடி போடு."

"லோங்காங்ல தண்ணி ஏறியிருக்குன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன் டீச்சர்," என்றாள் மாதவி, ஒயரை வாங்கிக்கொண்டே. "நீங்க வெட்டிக்கிட்டு இருந்தீங்க."