கோல்மன் டார்பியின் நாலாவது கல்யாணத் தேதி

எங்கள் கில்மோரன் கிளப் இப்போது எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று எங்களூர் மதுக்கடையில் கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் நிற்பவர் முதல் பிரிவு என்பார். அடுப்போரம் உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் பிரிவு என்பார். கிளப் தலைவரோ, "அடுத்த கூட்டத்துல தெரிஞ்சிடும்" என்பார். அந்தக் கிளப்புக்குக் கோல் காக்கிறவன் நான், எனக்கும் தெரியாது. இந்தக் குழப்பத்தில் என் சித்தப்பா மகன் கோல்மன் டார்பி எப்படி மாட்டினான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கோல்மன் பால் டேங்கர் ஓட்டுகிறவன். விடியுமுன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றுவான். சாயங்காலம் மூன்றாம் நம்பர் சட்டையை மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பான். எங்கள் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்தால் ஒரு ஹாம் சாண்ட்விச், மறுநாள் வேலையில் நொண்டல், அவ்வளவுதான். அவனைத் தாண்டி என்னிடம் பந்து வருவது அபூர்வம். வந்தால் நான் பிடிப்பதும் அபூர்வம்.

பக்கத்து ஊர் டெரினாவில் இருக்கும் டெர்வ்லாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகி வருஷக்கணக்காகிறது. அவளுக்கு டவுன் மருந்துக்கடையில் வேலை. கல்யாணத் தேதி மூன்று தடவை தள்ளிப்போனது, மூன்று தடவையும் பந்தால். முதல் வருஷம் எங்கள் மாவட்ட அணி என்றுமில்லாத அதிசயமாக ஜெயித்துக்கொண்டே போனது. கிளப் ஆட்டக்காரர்கள்தான் அதிலும் ஆடுகிறவர்கள், அதனால் அது தோற்று வீடு திரும்பும்வரை கிளப் ஆட்டங்கள் எல்லாம் காத்துக் கிடக்க வேண்டும். ஜூலையில் நடக்க வேண்டிய ஆட்டம் வந்து கல்யாணத்தன்று விழுந்தது. இரண்டாம் தடவை ஆட்டம் சமனில் முடிந்து, மறு ஆட்டம் கல்யாணத்தன்று. மூன்றாம் தடவை நாங்கள் ஒழுங்காகத் தோற்றுவிட்டோம், பயலுக்கு விடுதலை என்று சந்தோஷப்பட்டோம். ஜெயித்தவர்கள் ஆடத் தகுதியில்லாத ஒருவனை இறக்கிவிட்டார்களாம். எவனோ புகார் கொடுத்தான், கல்யாணத்தன்று மறுபடி ஆடு என்றார்கள். டெர்வ்லா கல்யாண விருந்துக்குப் பேசிவைத்த ஓட்டலுக்குப் போன் போட்டபோது அவள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரலைக் கேட்டதுமே ஓட்டல்கார அம்மாள், "இந்தத் தடவை எந்த மாசத்துக்கும்மா?" என்றாளாம்.

அந்த அவமானத்தில்தான் கோல்மன் எங்கள் கிளப்பின் பிரதிநிதியாக மாவட்டக் குழுவுக்குப் போனான். போட்டி முறையையே மாற்றப் போவதாக அப்போது பேச்சு. கூட்டத்தில் வாயே திறக்காதவன் அன்று மேஜையைக் குத்திக்கொண்டு எழுந்துவிட்டான்.

"புல் அறுக்க நாள் குறிக்க முடியல, கல்யாணத்துக்கு நாள் குறிக்க முடியல! வருஷ ஆரம்பத்துலயே தேதியப் போடுங்க. போட்டா போட்டதுதான். போப்பாண்டவரே வந்து கேட்டாலும் மாத்தக் கூடாது!"

கைதட்டல் அடங்க நேரமானது. மாவட்டக் குழுத் தலைவர் ஃபீலிம் நூன் அதை அப்படியே விதியாக்கினார். புது முறையும் நிறைவேறியது: பதினாறு கிளப், நாலு குழு. அதற்கு மேல் கேட்டால் எனக்குத் தலை சுற்றும். எங்கள் பயிற்சியாளர் பேக்கி டர்கன் ஒரு நாள் மதுக்கடை மேஜையில் உப்பு, மிளகு, சாஸ் பாட்டில், பியர் அட்டைகளை எல்லாம் பரப்பி விளக்கினார். பாதி விளக்கத்தில் யாரோ வினிகர் பாட்டிலை எடுத்துத் தன் சிப்ஸில் ஊற்றிக்கொள்ள, ஒரு அணியே காணாமல் போனது. பிறகு அவருக்கும் புரியவில்லை.

கோல்மன் அலட்டிக்கொள்ளவில்லை. "நமக்கு இதெல்லாம் எதுக்குடா? நாம ஆகஸ்ட்லயே தோத்துடுவோம். அப்படியே தப்பித் தவறி ஜெயிச்சாலும் அரையிறுதி அக்டோபர்ல. நடுவுல செப்டம்பர் கடைசி சனிக்கிழமை சும்மாதான கிடக்கு" என்றான். அந்த சனிக்கிழமைக்கே தேதி வைத்தான். நாலாவது தேதி. "இது மாறாது, சத்தியம்" என்று டெர்வ்லாவின் அம்மா முன்னால் நின்று சொன்னான்.

அவன் கணக்குப்படியே குழுவில் மூன்று ஆட்டமும் தோற்றோம். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தோற்றதற்கு இப்படிச் சிரிக்கிறவனை நான் பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து பேக்கி வந்தார், முகம் செத்துப்போய்.

"என்னண்ணே?"

"நமக்கு இன்னும் ஆட்டம் இருக்காம்டா."

"தோத்தவனுக்கு என்னண்ணே ஆட்டம்?"

"தோத்தவனுக்குத்தான் ஆட்டமாம்! நாலு குழுவுலயும் கடைசியா வந்தவங்க அவங்களுக்குள்ள மோதணும். ஜெயிச்சா தப்பிக்கலாம். தோத்தா இன்னொண்ணு. அதுலயும் தோத்தா கீழ் பிரிவு. முதல் ஆட்டம் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணிக்கு."

எதிரணி யார் தெரியுமா? டெரினா. டெர்வ்லாவின் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதில் ஆடுகிறார்கள். குலுக்கலில் மைதானமும் அவர்களுக்கே விழுந்தது. கல்யாணம் நடக்கவிருந்த டெரினா கோயிலுக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவே ஒரே ஒரு கல்சுவர்.

கல்யாணமும் அதே இரண்டு மணிக்குத்தான், அந்த நேரத்தை மாற்றலாமே என்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊருக்கும் ஒரே ஃபாதர். அவருக்குக் காலையில் ஒரு அடக்கம், சாயங்காலம் வேறு ஊரில் பூசை. இரண்டு மணியை விட்டால் வழியில்லை. ஆட்டத்தைச் சாயங்காலம் வைக்கவோ டெரினாவில் விளக்குக் கம்பம் கிடையாது. கடைசியில் கோல்மன் ஃபீலிம் நூனிடமே போய் நின்றான். நானும் துணைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ போப்பாண்டவரா தம்பி?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் திரும்பி என் காருக்கு நடந்தான். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்தவன் வீட்டில் படுத்திருக்கிறான், தோற்றவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு முறையை எந்த மடையன் யோசித்தான்? யோசித்தவன் ஒரு நாளாவது தோற்றிருப்பானா?

அன்று சாயங்காலம் டெர்வ்லா வீட்டுக்குப் போனோம். நடந்ததையெல்லாம் அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"அன்னிக்குத் தோத்தவங்களுக்கு ஆட்டம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எங்க அண்ணன் சொன்னான்."

கோல்மன் திகைத்துப்போனான். "தெரிஞ்சுமா அந்தத் தேதிக்குச் சரின்னு சொன்னே?"

"மூணுல ஒரு ஆட்டம் ஜெயிச்சிருந்தா போதும், கடைசி இடத்துக்கு வந்திருக்க மாட்டீங்க. ஒண்ணாவது ஜெயிப்பீங்கன்னு நினைச்சேன், கோல்மன். நீ தோப்போம்னு கணக்குப் போட்டிருக்கே. நான் ஜெயிப்பீங்கன்னு நம்பிட்டேன்."

எனக்குக் கிளப்பின் மேலேயே வெட்கமாக இருந்தது. அவள் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே ஓட்டலுக்கு நான் போன் பண்ண மாட்டேன். ரெண்டு மணிக்கு அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள வருவேன். நீ இருந்தா இரு. இல்லேன்னா அதுக்கப்புறம் தேதியே கிடையாது."

அடுத்த இரண்டு வாரமும் ஊரே இரண்டுபட்டது. மூன்றாம் நம்பர் இல்லாமல் எப்படி ஆடுவது என்று ஒரு கட்சி. பாவம் அந்தப் பெண் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தவர்கள்தான் அதிகம். கோல்மன் என்ன முடிவெடுத்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளைத் தோழன் நான், என்னிடமும் சொல்லவில்லை.

அந்த சனிக்கிழமை கோட்டும் டையுமாக என் காரில் ஏறினான். ஏறும்போது ஆட்டப் பையையும் பின் சீட்டில் வீசினான். டெரினாவில் பாதை பிரியும். இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் மைதானம்.

"நிறுத்துடா" என்றான்.

பையைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் நடந்தான். கோயில் வாசலில் அவன் அம்மா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். உடை மாற்றும் அறையில் எங்கள் பையன்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். கோல்மன் பையைத் திறந்து மூன்றாம் நம்பர் சட்டையை எடுத்தான், பேக்கியின் கையில் வைத்தான்.

"துவைச்சு வச்சிருக்கேண்ணே. யாருக்காவது கொடுங்க."

பேக்கிக்கு முகம் சிவந்தது. "இன்னிக்குத் தோத்தா அடுத்த வாரம் மறுபடி ஆடணும், தெரியுமில்ல?"

"அடுத்த வாரம் நான் தேனிலவுக்குப் போர்ச்சுகல்ல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். பேக்கி என்னைப் பார்த்தார். "நீயுமா?" என்றார். கோட்டுப் பையில் மோதிரம் வைத்திருக்கிறவன் வேறென்ன செய்வான்? நானும் வந்துவிட்டேன்.

கோயிலில் இரண்டு பக்கமும் பாதி பெஞ்சு காலி. வந்திருந்த ஆண்களின் காதெல்லாம் ஜன்னல் பக்கமே இருந்தது. டெர்வ்லா உள்ளே வந்து, முன்னால் நிற்பவனைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். அப்பா மெல்ல இழுத்த பிறகுதான் மறுபடி நடந்தாள்.

ஃபாதர் வாக்குறுதி கேட்கிற நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் எழுந்தது. கோல் விழுந்துவிட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. சபை முழுக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது. ஃபாதர்கூடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். நான் திரும்பினேன் என்பதைச் சொல்லவே வேண்டாம். திரும்பாதவன் ஒருத்தன்தான்.

டெர்வ்லாவும் திரும்பியிருந்தாள். பிறகு அவனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "எங்களுக்கா, உங்களுக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கோல்மன். "நான் இங்கதான நிக்கறேன்."