அரசிதழ் அறையில் ஓர் ஏணி

அரசு ஆவணப் பிரிவு நூலகரின் தொழில், யாரும் தேடாத தாள்களை யாரோ ஒருவர் தேடிவரும் நாளுக்காகப் பத்திரப்படுத்துவது. அந்த ஒருவர் வரும் நாளில் அந்தத் தாள் மட்டும் அகப்படாது என்பதை, பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் அமர்ந்து அவதியுற்ற அன்பர்கள் அனைவரும் அறிவீர்கள்.

ராஜா கதை

நெல்லையில் நான் பணிபுரியும் நூலகத்தின் மாடியறையில் பழைய மாவட்ட அரசிதழ்கள் ஆண்டுவாரியாகத் தைக்கப்பட்டு உறங்குகின்றன. எவரும் வரலாம், கேட்கலாம், படிக்கலாம். ஆனால் வருபவர் முதலில் என் கதையைக் கேட்டாக வேண்டும். ஓர் அரசன் தன் சட்டங்களைக் கோபுர உச்சியில் எழுதிவைத்தான். எட்டாத எழுத்தைப் படிக்கவில்லை என்று குடிகளைத் தண்டித்தான். ஒருநாள் எவனோ ஓர் ஏணியைச் சாத்தினான், ஊர் நிமிர்ந்தது. "அன்பரே, அந்த ஏணிதான் நூலகம்!" என்று கையுயர்த்தி முடிப்பேன்.

ஒருமுறை, புதிதாக வந்த ஒருவரிடம் நான் கதையை முடித்ததும், உதவியாளர் சுடலைமுத்து பணிவோடு சொன்னார்: "கத நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா அவரு கக்கூஸு எங்கன இருக்குன்னுதான் கேட்டாரு."

பாதை கேட்டு வந்தவர்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் என்ற விவசாயி வந்தார். அவர் வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலக்காரர் தமதென்று சொல்லி வேலியிட்டுவிட்டார். அது அரசு எடுத்துக்கொண்ட பொதுப்பாதை என்று முன்னொரு காலத்தில் அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. மறுநாள் காலை வட்டாட்சியர் நேரில் பார்க்க வருகிறார். அதற்குள் நகல் வேண்டும். இல்லையேல் அறுவடை இயந்திரம் வயலுக்குள் போகாது. மழையோ இருட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் தொண்டையைச் செருமி, "ஓர் அரசன்..." என்று தொடங்கினேன். பேச்சித்தாய் கைகூப்பினார்: "ராசாவப் பெறவு பாப்போம் அண்ணாச்சி. அங்கன எனக்குக் கதிரு கொட்டுது!"

காளை ஏலம்

ஆண்டு தெரிந்திருந்தது, அலமாரியில் அந்த ஆண்டு மட்டும் இல்லை. இடம் மாறியிருக்கலாம் என்று கைக்கு எட்டிய தொகுதிகளையெல்லாம் இறக்கினோம். கீழே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தூசியின் மணம் பிடித்து மேலேறி வந்து உதவினர். எவரோ பெயரை மாற்றிக்கொண்ட அறிவிப்பு, உரியவர் வராத காளையை ஏலம் விடும் அறிவிப்பு என்று ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தனர். காளையின் அங்க அடையாளங்களைக் கேட்டுக் கண்ணீர் வரச் சிரித்தவர்களில் பேச்சித்தாயும் ஒருவர்.

ஓர் இளைஞன் தன் கையேட்டை மூடிவைத்தான்: "ஏலே, பொது அறிவுன்னா இதுதாம்லே! அந்தக் காளைக்கு எத்தன சுழின்னு ஒரு கேள்வி வரட்டும், பாப்போம்."

என் காலடியில்

எஞ்சியது மேல்தட்டு. ஏணியின் பெருமை பேசும் எங்கள் அறையில் ஏணி கிடையாது. எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற கனத்த சாக்குமூட்டை ஒன்றின் மேல் ஏறித்தான் நான் பல்லாண்டுகளாக உயரம் எட்டி வந்தேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவன் நான். சாக்குக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. அன்றும் ஏறி நின்று, "மனம் தளராதீர்கள்!" என்று முழங்கினேன். சாக்கு கிழிந்தது. உள்ளிருந்து எட்டிப்பார்த்த தடித்த தொகுதியின் முதுகில், நாங்கள் தேடிய ஆண்டு!

பேச்சித்தாய் கூவினார். நான் தரையில் மண்டியிட்டு, அதன் மேல் ஏறி நின்ற ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புல எண்ணோடு அறிவிப்பு அப்படியே இருந்தது. நகலில் முத்திரை குத்தியபடி சுடலைமுத்து தீர்ப்புரைத்தார்: "ராசா சட்டத்த உச்சியில வச்சான். நீங்க அதையே மிதிச்சுக்கிட்டு ஏணியத் தேடியிருக்கிய!"

திரும்பி வந்தவர்

அடுத்த வாரம் மாடிப்படியில் தடதடவென்று ஓசை. பேச்சித்தாய் ஒரு மர ஏணியைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். வேலி அகன்றது, மழைக்கு முன்பே அறுவடை முடிந்தது. ஏணியை அலமாரியில் சாத்திவிட்டு, என் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"நெல்லு வீடு வந்து சேந்துட்டு அண்ணாச்சி. இப்பச் சொல்லுங்க, அந்த ராசாவுக்கு என்னாச்சு?"

ஆகவே அன்பர்களே, ஆவணத்தைக் காப்பது கடமை, கேட்டவருக்குத் திறந்து காட்டுவது அறம், அதன் மேல் ஏறி நின்றுகொண்டு அறம் பேசாதிருப்பது அதனினும் பெரிய அறம்.