எட்டு பத்து வண்டியும் என் சுவிஸ் வாட்சும்

நேரத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, தினமும் தப்பான நேரத்தைச் சொன்ன முட்டாள் உத்திரமேரூரில் ஒருவன் இருந்தான். வேறு யார், நான்தான். அது எனக்குத் தெரியவர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதையும் சேர்த்துக்கொண்டால் என் அறிவின் முழு நீள அகலமும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

போன மாதம் காஞ்சிபுரத்தில் பழைய வாட்ச் வாங்கும் ஒருவரிடம் என் கல்யாண வாட்சைக் கொண்டுபோனேன். விற்க அல்ல. ‘இதெல்லாம் இப்ப எங்க சார் கிடைக்கும்’ என்று அவர் வாயால் கேட்கத்தான். எல்லாம் அசல் என்று நானே முன்கூட்டிச் சான்றிதழும் கொடுத்தேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திருகினார். கூடு அசல், டயல் அசல், முள் அசல் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல இருந்தது.

"பெரியவரே, உள்ள கீற மிஷின் இதோடது இல்ல" என்றார்.

மிஷின் ஒரு சுற்று சின்னதாம். டயலைத் தாங்க அதன் பின்னால் இருக்கவேண்டிய இரண்டு குட்டிக் கால்களை அறுத்துவிட்டு டயலைப் பசையால் ஒட்டியிருக்கிறார்களாம். மிஷின் ஆடாமலிருக்கச் சுற்றிலும் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார்கள். அதை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரோஸ் நிற பஸ் டிக்கெட்.

அந்த நிறத்தைப் பார்த்ததுமே மூக்கில் டீசல் அடித்தது. கூடவே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, ஈரச் சாக்கு, எங்கள் பழைய பஸ் ஸ்டாண்டு. அறுபதுகளின் தொடக்கம். பஸ் முதலாளிகள் சேர்ந்து நியமித்த டைம் கீப்பர் நான். தகரக் கொட்டகை, ஒரு நோட்டு, ஒரு விசில். கொட்டகைக் கடிகாரம் நின்றுபோயிருந்ததால் மாமனார் மணிக்கட்டில் கட்டிவிட்ட சுவிஸ் வாட்ச்தான் ஊருக்கே நேரம். நான் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். கலெக்டருக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது என்று நினைத்துக்கொள்வேன்.

ரோஸ் டிக்கெட் கன்னியப்பன் வண்டியுடையது. கண்டக்டர், என் சிநேகிதன், என் டிபன் டப்பாவில் பாதி அவனுடையது. அவன் வண்டி காலை எட்டு பத்துக்குக் காஞ்சிபுரம் கிளம்ப வேண்டும். எட்டேகாலுக்குத்தான் மானாம்பதி வண்டி வந்து கூட்டத்தை இறக்கும். அந்தக் கூட்டம் முழுக்க அடுத்த கம்பெனி வண்டிக்குப் போகும். கன்னியப்பன் காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே போவான்.

ஒருநாள் வாட்சை எண்ணெய் போட மெட்ராஸுக்கு எடுத்துப்போகிறேன் என்றான். "நைனா, நானே கிட்ட நின்னு பாத்துக்கினு வரேன்" என்றான். சொன்னபடியே நின்றிருக்கிறான். ரிப்பேர்காரன் திணிக்கக் காகிதம் கேட்டபோது டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்திருக்கிறான்.

அதன்பிறகு சாயங்காலம் ரேடியோவுக்குச் சரிசெய்தால் காலைக்குள் வாட்ச் எட்டு நிமிஷம் பின்தங்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோக்காரன் அவசரப்படுகிறான் என்றேன். என் எட்டு பத்துக்குள் மானாம்பதிக் கூட்டம் கன்னியப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அடுத்த வண்டிக்காரன் கத்தியபோது, சுவிஸ்காரனைவிட உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவன் முதலாளி நாலு வாட்சோடு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்றே விசிலை வாங்கிக்கொண்டார்கள். லஞ்சம் வாங்கினான் என்ற பெயரோடு அனுப்பினார்கள். மாமனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. கன்னியப்பன்தான் வீட்டுக்கு வந்து, என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு முன்னால் அவன் அழுததால் நான்தான் அவனைத் தேற்றவேண்டியதாயிற்று.

கொட்டகை போய்விட்டது. அந்தக் கம்பெனிகளும் ரோஸ் டிக்கெட்டும் போய்விட்டன. கன்னியப்பன் ஒருத்தன் மிச்சம் என்றுதான் இத்தனை நாளும் பொங்கலுக்குப் பொங்கல் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரமும் போனேன். டிக்கெட்டை அவன் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ரிப்பேர்காரன் உன்னையும் ஏமாற்றிவிட்டானா என்று நானே அவனுக்கு வழி எடுத்துக் கொடுத்தேன். இல்லையென்று தலையாட்டினான்.

"அசல் மிஷினுக்கு இன்னாடா கொறைச்சல், கன்னியப்பா?"

"அது கரெக்டா ஓடிச்சி."