இரும்புக்குக் கட்டிய காப்பு

மில் சங்கு ஊதியதும் மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று தலையிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொள்வார்கள். சோலைராஜ் தட்டுவதில்லை. பஞ்சோடேயே சைக்கிளை மிதித்து, மரக்கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவார். வழியில் யார் டீ குடிக்கக் கூப்பிட்டாலும், "இன்னைக்கு நமக்கு ஸ்குவாட்டு. பொறவு பாப்போம்" என்பார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் முகத்தில் இருக்குமே ஒரு சந்தோஷம், அது அவர் முகத்தில் இருக்கும்.

கொட்டகைதான் ஜிம். பட்டறை வைத்திருக்கும் காளிராஜ் பகலெல்லாம் லேத்தில் நின்றுவிட்டுச் சாயங்காலம் அதைத் திறப்பார். ராடு, பிளேட்டு, பெஞ்சு எல்லாம் அவர் கையால் செய்தவை. அங்கே கண்ணாடி கிடையாது. உடம்பைக் காட்டுகிற வேலையே இல்லை, பளுவைத் தூக்குகிற வேலை. தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தால் ஸ்குவாட்; படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தள்ளினால் பெஞ்ச்; தரையிலிருந்து இடுப்புவரை எடுத்தால் டெட்லிஃப்ட். மூன்றையும் கூட்டிப் போட்டியில் ஆளின் பலத்தை நிறுப்பார்கள்.

சோலைராஜ் வாயைத் திறந்தால் 'புண்ணியம்' என்றுதான் வரும். தண்ணீர் கொடுத்தால் "உங்க புண்ணியம்". பின்னால் நின்று ராடைத் தாங்கினால் "உங்க புண்ணியம்". ஒருநாள் கால் தடுக்கி விழப்போனவர் தூணைப் பிடித்துக்கொண்டு அதற்கும் சொன்னார் என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆனால் நன்றி சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாமல் இருந்தது. அதை அவர் மனைவி அழகுத்தாய் சொல்லிக் கேட்க வேண்டும்.

"கோழி வளர்த்தாக, விட்டாக. ஆர்மோனியம் பழகுனாக, விட்டாக. தேன் பெட்டி வச்சாக; அதுல இவுக விடுததுக்கு முந்தி தேனீயே இவுகளை விட்டுட்டுப் போயிருச்சு."

ஜிம்மிலும் அதே கதைதான். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், தினமும் உச்ச எடையைத் தூக்கினால்தான் பயம் போகும் என்றார், தூக்கினார். படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்த இன்னொருவர், வாரம் முழுக்கக் கையை மட்டும் பார் என்றார், பார்த்தார். மாதத்துக்கு ஒரு குரு, குருவுக்கு ஒரு முறை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பலன் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மாவட்டப் போட்டிக்கு இரண்டு வருஷம் போனார். ஸ்குவாட்டில் மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள். மூன்றில் ஒன்றாவது எழுந்தால்தான் ஆட்டத்தில் இருக்கலாம். இரண்டு வருஷமும் மூன்றிலும் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பேரை அடித்துவிட்டார்கள்.

இரண்டாம் வருஷம் மண்டபத்துக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, தூக்கி முடித்து வந்த மதுரை ரயில்வேக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வாரத்துக்கு மூணு நாள் போதும். மூணு தூக்கையும் விடாதீங்க. போன வாரத்தைவிடக் கொஞ்சூண்டு கூட்டுங்க. முடியுதேன்னு தாவாதீங்க. மத்த நாள் ஒண்ணையும் தூக்காதீங்க."

இவ்வளவுதான். புத்தகத்தில் இருந்த முறைகள் எல்லாம் புத்தகத்தோடு போயின. இது காதில் விழுந்து உள்ளே தங்கிவிட்டது. "அந்தப் புண்ணியவான் பேரைக்கூடக் கேக்காம வந்துட்டேன்" என்று சோலைராஜ் இன்னும் ஆற்றாமைப்படுகிறார்.

கொஞ்சூண்டு கூட்டுவதற்குக் கொட்டகையில் சின்னப் பிளேட்டு கிடையாது. காளிராஜ் பழைய தகட்டை லேத்தில் போட்டு மெல்லிசாக நாலு வட்டு கடைந்து கொடுத்தார். மற்றவர்கள் அதற்கு ஊத்தப்பம் என்று பேர் வைத்தார்கள். "ஏமிரா சோலை, இன்னைக்கு எத்தனை ஊத்தப்பம்?" என்று காளிராஜே தெலுங்கு கலந்து கேலி செய்வார். கேலிதான், ஆனால் ஷிப்ட் மாறுகிற வாரத்தில் விடியற்காலையில் சாவியைக் கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான்.

இதுவும் எத்தனை நாளைக்கு என்று அழகுத்தாய் யோசித்தாள். பூக்குழிக்குக் காப்புக் கட்டினால் மட்டும் இந்த மனுஷர் அசைவதில்லை. வெளியில் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் நெருப்பில் இறங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார். அதைக் கண்டுபிடித்தாளே, அங்கேதான் இருக்கிறது அவள் சமர்த்து. ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் நூலை எடுத்து அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

"இன்னையோட புத்தி சொல்லுதவுக வாய்க்கெல்லாம் பூட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி எந்திரிச்ச பொறவுதான் இதை அவுப்பேன். இதையும் விட்டீகன்னா, பொறவு நான் உங்களை நம்புததையும் விட்டுருவேன், பாத்துக்கிடுங்க."

சோலைராஜ் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஓய்வு நாள் என்றால் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட மாட்டார். குழாயடியில் பக்கத்து வீட்டு மாரியாத்தாள் விடுவாளா? "ஏட்டி அழகு, மூட்டை மூட்டையாத் தூக்குதவுக ஒரு குடத்தைத் தூக்கப்பிடாதாக்கும்?" "இன்னைக்கு அவியளுக்கு லீவுக்கா" என்று அழகுத்தாய் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நடப்பாள்.

உண்மையான சோதனை பொங்கலன்று தேவதானத்தில் வந்தது. அது அழகுத்தாய் பிறந்த ஊர். அங்கே உருண்டைக் கல் ஒன்று கிடக்கிறது. பொங்கலுக்கு இளவட்டங்கள் தூக்குவார்கள். முந்தின வருஷம் சோலைராஜ் அதைத் தூக்கி, ஊரே விசிலடித்து, அன்று பிடித்த இடுப்புதான் போட்டியில் அவரை எழவிடவில்லை. இந்த வருஷமும் போட்டிக்குச் சில வாரம்தான் இருந்தது. அழகுத்தாயின் அண்ணன் சின்னக்கருப்பன் கூட்டத்துக்கு நடுவே நின்று கூப்பிட்டான்.

"வாங்க மாப்ளே. இந்த வருசம் தலைக்கு மேல ஏத்திருவீகள்ல?"

"இன்னைக்கு எனக்கு ஓய்வு மச்சான்."

"கல்லுக்கு ஏது ஓய்வு? இம்புட்டு முட்டையும் தின்னுட்டு இதுக்குப் பயப்படுதீகளா?"

கூட்டம் சிரித்தது. சோலைராஜின் விரல்கள் தாமாக மடங்கி விரிந்தன. தூக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் கஷ்டம், முடியாததை விட்டுவிடுவது பெரிதில்லை. கால் ஒரு எட்டு முன்னே போய்விட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து அழகுத்தாய் குரல் வந்தது.

"அண்ணே, அவியளைக் கூப்பிடாதே. காப்புக் கட்டியிருக்காக."

காப்பு என்றதும் சிரிப்பு நின்றது. காப்புக் கட்டினவனை யார் வற்புறுத்துவார்கள்? ஒரு பெரியவர் மட்டும் கையைக் காதில் குவித்துக் கேட்டார். "பொங்கல்ல என்னத்தா காப்பு? எந்தச் சாமிக்கு?"

"இரும்புக்கு, தாத்தா."

பெரியவர் தலையை ஆட்டினார். "இரும்பும் துடியான சாமிதான். ஏலே, விடுங்கலே அவரை" என்றார். முன்னே போன காலை சோலைராஜ் பின்னே எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் அவர் முதல் வாய்ப்புக்குச் சொன்ன எடையைக் கேட்டுக் காளிராஜே பல்லைக் கடித்தார். "ஏலே, ஏத்திச் சொல்லுலே. எல்லாரும் சிரிக்காங்க." "தாவாதேன்னு சொல்லியிருக்காகண்ணே" என்றுவிட்டு மேடை ஏறினார். "அண்ணாச்சி சாப்பிடாம வந்துட்டாகளோ?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். ராடு தோளுக்கு வந்தது. உட்கார்ந்தார். எழுந்தார். தூக்கு செல்லும் என்று வெள்ளை விளக்கு எரிந்தது. இரண்டு வருஷமாக அடிபட்ட பேர் அன்று ஆட்டத்தில் நின்றது.

கடைசியில் நாலாவதாக வந்தார். நாலாவதற்கு மெடல் கிடையாது. அவரோ நடுவர், எடை மாற்றியவர்கள், மைக் பிடித்தவர் என்று ஒருவர் விடாமல் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்க வந்த சின்னக்கருப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நாலாவதுக்கு எதுக்கு மாப்ளே இம்புட்டுக் கும்பிடு?"

"நாலாவது வரைக்கும் என்னைய இருக்க விட்டாகள்ல மச்சான்."

மண்டபத்து வாசலிலேயே அழகுத்தாய் நூலை அவிழ்த்தாள். வியர்வையில் இறுகிப்போன முடிச்சு சீக்கிரம் வரவில்லை; பல்லால் கடித்து இழுத்தாள்.

மறுவாரம் கொட்டகையில் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். காளிராஜ் கைத்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "காப்பும் அவுத்தாச்சு. இனி உன்னை யாரும் கேக்க முடியாது. வேற முறை எதாச்சும் பாப்பமா, இல்லை இதையே மறுபடி அடியில இருந்தா?"

சோலைராஜ் ராடிடம் போனார். யாரோ ராடில் விட்டுப்போயிருந்த பெரிய பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு வெறும் ராடுக்கு அடியில் தோளைக் கொடுத்துக் குனிந்தார்.