மலைக்காரரின் சிரிப்பு

நான் லிஃப்ட் மெக்கானிக். நான் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்ட்டே ஓடாது. வீட்டு முதலாளி சாமான் வாங்கித் தரமாட்டார், திட்டு மட்டும் எனக்கு. திட்டாத ஒரே ஆள் நாலாம் மாடி மலைக்காரர். "எனக்காக அதைத் தொடாத தம்பி. ஏறுறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே.

இளவயதில் மலையேறிகளுக்குக் கயிறு பிடித்தவர். அப்போது எடுத்த படம் ஒன்றை இன்றைக்கும் தேடிப் பார்க்கிறார்கள். கதையெல்லாம் கிடையாது. இரண்டு பேர் பாறையில் ஏறுகிறார்கள். விரல் நுனிக்கு ஒரு பிடி கிடைத்தால் பச்சைப்பிள்ளை மாதிரி பூரிக்கிறார்கள், அவ்வளவுதான். கேமராக்காரரின் கயிறு இவர் கையில் இருந்ததால் முகம் எங்கேயும் விழவில்லை. குரல் விழுந்திருக்கிறது. மலையில் சத்தம் பதிய வசதியில்லை. ஏறியவர்களும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகவே ஸ்டுடியோவில் இவரை மாடிப்படியில் ஓடவிட்டு, இரைக்க இரைக்க மைக் முன்னால் நிறுத்தினார்கள். அப்புறம், உச்சிக்குப் போய்விட்ட மாதிரி சிரி என்றார்கள். நாலு சுவருக்குள் எப்படிச் சிரிப்பது? கண்ணை மூடினாராம். முகத்தில் மலைக்காற்று அடித்ததாம். சிரித்துவிட்டாராம்.

பிறகு கல்யாணம், ஒரு மகள். மகள் நடை பழகுமுன் மனைவி இறந்துபோனாள். ஒற்றை ஆளாக வளர்த்தார். படத்தில் என் குரல் இருக்கிறது என்றால் மகள், "ஆரம்பிச்சிட்டீங்களா உங்க கதைய" என்பாள்.

நூலக மாடியில் அந்தப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவளை வரச் சொன்னார். எந்த இடம் என்று சொல்லவில்லை. "அவளா கண்டுபிடிக்கணும். பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?" என்று சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

திரையில் இரைப்பு கேட்டதும் மகள் சட்டென்று திரும்பினாள்.

"அப்பா, இது நீங்க. நம்ம வீட்டுப் படி ஏறுற மூச்சு."

தலையாட்டினார். ஆனாலும் உட்கார்ந்திருந்த விதத்தில் இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. உச்சி வந்தது. அந்தச் சிரிப்பும் வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மகள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு நிஜம்தான்பா. இத்தனை நாள் நம்பல நான். கடைசியில சிரிச்சாரே, அவர் யாரு? என்னமா சிரிக்கிறாரு."

மலைக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"கூட ஏறினவரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலம்மா. தொடர்பு விட்டுப்போச்சு."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

"ஏண்ணே சொல்லாம விட்டீங்க?"

"நான் அப்படிச் சிரிச்சு அவ கேட்டதே இல்ல தம்பி. சொன்னா அதையும் கதைம்பா."

படியில் கால் வைத்தார். நான் ஓடாத லிஃப்ட் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு மாடியாக அந்த இரைப்பு மேலே போனது. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.